லீவுப் படிவம்

எடுத்து முடிந்த மூன்று நாள் லீவுக்கு
இன்றைக்குத்தான் படிவம் தந்தார்கள்.
இறந்தவர் பெயர்: தவமலர்.
அதை எழுத முடிந்தது.
அடுத்தது உறவுமுறை.
ஒரு விரற்கடை இடம் விட்டிருந்தார்கள்.

அண்ணன் மனைவி என்றால் ஒரு நாள்தான்
என்றார் மேனேஜர், கண்ணாடியைக் கழற்றாமல்.
சிநேகிதி என்றால்
அதுவும் இல்லை.

ஹட்டன் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே
லீசிங் கம்பனியின் இரண்டாம் மாடி.
கீழே மூடுபனி
ஒரு கோவா லொறியைப் பாதி விழுங்கியிருந்தது.
பேனையோடு பத்து நிமிடம் நின்றிருப்பேன்.

தவா,
எட்டாம் ஆண்டில் ரயிலை விட்டுவிட்ட அன்று
தண்டவாளத்திலேயே கொட்டகலைக்கு நடப்போம் என்றவள் நீ.
சிங்கமலைச் சுரங்கத்தின் நடுவில்
என் கை எனக்கே தெரியவில்லை.
எங்கோ தண்ணீர் சொட்டியது.
"பயமா இருந்தா என் பேரைச் சொல்லு,
நான் உன் பேரைச் சொல்றேன்."
தவா, சுகி, தவா, சுகி
என்று வெளிச்சம் வரும்வரை கத்திக்கொண்டு போனோம்,
பக்கத்தில் இருப்பவளையே தொலைத்துவிட்டவர்கள் மாதிரி.

பிறகு என் அண்ணனைக் கட்டிக்கொண்டாய்.
மறுநாள் காலை தேத்தண்ணியோடு வந்து
"இனிமே அண்ணின்னு கூப்பிடணும், வெளங்குதா?"
நான் சிரித்ததில் பாதி கட்டிலில் கொட்டியது.
ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை.
அம்மா என்னைத் திட்டும்போது
அவள் பக்கம் நின்று தலையாட்டுவாய்,
அவள் திரும்பியதும் நாக்கைத் துருத்துவாய்.

வாங்கிய குடையைத் திருப்பித் தரமாட்டாய்.
படத்தின் முடிவை முதலிலேயே சொல்லிவிடுவாய்.
சாவுக்கு வந்தவர்கள் எல்லாரும்
தங்கமான புள்ள, அதிர்ந்து பேசாது என்றார்கள்.
பெட்டிக்குள் வேறு யாருமோ என்று
எட்டிப் பார்த்தேன்.

மாசி மாதம், பீலியில் துணி அலசிக்கொண்டிருந்தோம்.
சவர்க்கார நுரையோடு என் கையை எடுத்து
உன் இடப்பக்கம் வைத்தாய்.
புளியங்கொட்டை அளவில் ஒன்று
தோலுக்கடியில் அசையாமல் இருந்தது.
"ஒங்க அண்ணனுக்குச் சொல்லாத.
சின்னவன் ஸ்கொலர்சிப் எழுதட்டும், பொறகு பாப்போம்.
நாத்தனாகிட்ட சொல்லல.
சிநேகிதிகிட்டதான் சொல்றேன்."

சிநேகிதி வாயை மூடிக்கொண்டாள்.
மாசி, பங்குனி, சித்திரை,
வைகாசி, ஆனி, ஆடி,
ஆவணியில் பரீட்சை முடியும்வரை.
அவ்வளவு நாளும் நாத்தனார் எங்கே போனாள்?
அதே வீட்டில், அதே சட்டிச் சோற்றைத்
தின்றுகொண்டுதானே இருந்தாள்?

மகரகமையில் டொக்டர் கேட்டது ஒன்றுதான்:
ஏன் இவ்வளவு பிந்தி வந்தீர்கள்.
அண்ணன் உன்னைப் பார்த்தான்.
நீ என் பக்கம் திரும்பவே இல்லை.
அப்படியொரு காவல்.

சின்னவன் பாஸ். நூற்றி ஐம்பத்திரண்டு புள்ளி.
வார்டில் ஒரு நர்ஸ் விடாமல்
அரைகுறைச் சிங்களத்தில் சொல்லி முடித்தாய்.

மண் போட்டு இறங்கி வரும்போது அண்ணன் கேட்டான்,
"ஒனக்கு முன்னாடியே ஏதாச்சும் தெரியுமா?"
மழை தூறிக்கொண்டிருந்தது.
அவன் கணுக்காலில் ஓர் அட்டை.
குனிந்தேன்.
பிடுங்கி எறிந்த பிறகும்
குனிந்தே இருந்தேன்.
அவன் திரும்பக் கேட்கவில்லை.

சம்பளமில்லாத லீவு என்றால்
உறவுமுறை எழுதத் தேவையில்லையாம்.
அந்தக் கட்டத்தில் சரி போட்டுக் கொடுத்தேன்.
மேனேஜர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

கொட்டகலைப் பக்கம் போகும் ரயில்
வளைவில் கூவியது.
இன்னும் சற்று நேரத்தில் சுரங்கம்.
என்னை அறியாமல் வாய் திறந்தது.
தவா...

"ஆமா மிஸ், தவணைதான்" என்றார்
கவுண்டருக்கு அந்தப் பக்கம் ஒரு ஓட்டோக்காரர்,
நனைந்த நோட்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டு.
"ரெண்டு மாசம் பிந்திப்போச்சு.
கோவிச்சுக்காதீங்க."